நர்சிங் தரத்தை நோயாளிக்கு என்ன ஆச்சுன்னு வச்சு அளக்கலாமா? 30 படுக்கைக்கு எந்தக் கணக்கு ஒத்துவரும்?

பள்ளத்தூர் | ஜூன் 3, காலை 10:12

காரைக்குடிப் பக்கம் 30 படுக்கை தனியார் ஆஸ்பத்திரி ஒண்ணுக்குத் தரக் கணக்கு பார்க்கிறேன். மெடிசின், சர்ஜரி, நாலு கட்டில் ஐசியு. இதுவரைக்கும் கேஸ் ஷீட் முழுசா இருக்கா, கையெழுத்து இருக்கான்னுதான் பார்த்தோம். நிர்வாகம் இப்ப வேற மாதிரி சொல்லுது. நோயாளிக்கு என்ன ஆச்சுங்கிறதை வச்சு ஒவ்வொரு சிஸ்டருக்கும் மார்க், அதை வச்சு இன்கிரிமென்ட். இறப்பு, படுக்கைப் புண், கீழே விழுறது, கதீட்டர் (மூத்திரக் குழாய்) இன்ஃபெக்‌ஷன், டிஸ்சார்ஜ் அன்னைக்கு வாங்குற திருப்திப் படிவம், இந்த அஞ்சும்.

எனக்கும் இது சரின்னுதான் படுது. சார்ட்டை யார் வேணா நிரப்பலாம், புண்ணு பொய் சொல்லாது. மறுப்பு இருந்தா காரணத்தோட எழுதுங்க.

செக்காலை | ஜூன் 3, பகல் 2:40

புண்ணு பொய் சொல்லாது. அது யாரால வந்துச்சுன்னும் சொல்லாது.

அழுத்தத்துல உள்சதை செத்துப்போனா மேல் தோல்ல தெரியுறதுக்கு 48லேர்ந்து 72 மணி நேரம் ஆகும். வியாழக்கிழமை காலையில வால் எலும்பு மேல கருநீலமா தெரியுதுன்னா அழுத்தம் விழுந்தது திங்களோ செவ்வாயோ. நடுவுல எத்தனை ஷிஃப்ட் மாறியிருக்கும்? அந்த ஆள் திங்கக்கிழமை எங்க படுத்திருந்தார்? தியேட்டர் டேபிள்லயா, வீட்டுக் கட்டில்லயா, ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர்லயா? பார்த்து எழுதின சிஸ்டர் தலையில மார்க்கைக் குறைச்சா அடுத்த மாசம் யார் கண்ணுக்கும் புண்ணு தெரியாது. கணக்குல ஸீரோ வரும், நிர்வாகம் கேக் வெட்டும்.

அளக்க வேணாம்னு சொல்லலை. வார்டுக்கு அளங்க, ஆளுக்கு அளக்காதீங்க.

புதுவயல் | ஜூன் 3, இரவு 9:05

செக்காலை அக்கா சொன்னதை எண்ணுல வச்சுப் பார்ப்போம். 30 கட்டில்ல சராசரியா 24 நிரம்பியிருக்குன்னு வச்சுக்குங்க. ஒருத்தர் ஒரு நாள் படுத்திருந்தா ஒரு நோயாளி நாள், 30 நாளைக்கு 720 நோயாளி நாள். ஃபால் (கீழே விழுறது) கணக்கு எப்பவும் 1000 நோயாளி நாளுக்கு எத்தனைன்னுதான். ஒருத்தர் விழுந்தா 1.4. ரெண்டு பேர் விழுந்தா 2.8. அதாவது ஒரே ஒரு ஆள் கால் வழுக்கினதுக்கு உங்க "தரம்" பாதியாக் குறைஞ்சிருக்கும். அடுத்த மாசம் யாரும் விழலைன்னா தரம் வானத்துக்குப் போயிடும். வார்டுல ஒண்ணுமே மாறியிருக்காது.

ஸீரோவையும் நம்ப வேணாம். ஒண்ணுமே நடக்காதப்ப 3ஐ மொத்த நாளால வகுத்தா உண்மை விகிதம் எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்னு தோராயமாத் தெரியும். 3ஐ 720ஆல வகுத்தா 1000க்கு 4.2. ஒரு மாசம் ஸீரோன்னா உங்க உண்மையான விகிதம் நாலுக்கு மேல கூட இருக்கலாம்னு அர்த்தம். "1000க்கு ஒண்ணுக்கும் கீழ"ன்னு தைரியமாச் சொல்ல 3000 நோயாளி நாள் யாரும் விழாம ஓடணும். உங்களுக்கு அது நாலு மாசத்துக்கு மேல.

இதை 15 சிஸ்டருக்குப் பிரிச்சு மார்க் போடுறதுக்குப் பதிலா சீட்டுக் குலுக்கிப் போடலாம், நேரமாவது மிச்சம்.

பள்ளத்தூர் | ஜூன் 4, காலை 7:50

சரி, ஆளுக்கு ஆள் வேணாம். ஆனா 1000 நோயாளி நாள் எதுக்கு? 100 அட்மிஷனுக்கு இத்தனைன்னு போட்டா நிர்வாகத்துக்குப் புரியுமே. அட்மிஷன் ரிஜிஸ்டர்ல எண்ணிக்கை ரெடியா இருக்கு.

புதுவயல் | ஜூன் 4, காலை 8:31

கண்புரைக்கு ஒரு நாள் வந்து போறவரும் ஒரு அட்மிஷன், இடுப்பு எலும்பு முறிஞ்சு 14 நாள் கிடக்குறவரும் ஒரு அட்மிஷன். விழுறதுக்கான வாய்ப்பு படுத்திருக்குற நாளோட வளரும். முதல் தெரியாம வட்டிக் கணக்கு போட்ட மாதிரி ஆயிடும், இந்த ஊர்ல அதை நான் விளக்க வேண்டியதில்லை.

பெரியவங்களே இதுல மாட்டியிருக்காங்க. நவீன நர்சிங்குக்கு அடித்தளம் போட்ட ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலோட 1863 புத்தகத்துல லண்டன் ஆஸ்பத்திரிகளோட இறப்பு 90 சதவீதத்துக்கு மேலன்னு ஒரு அட்டவணை இருந்துச்சு. கணக்குப் போட்டது புள்ளிவிவர நிபுணர் வில்லியம் ஃபார். வருஷம் முழுக்க நடந்த இறப்பை, 1861ல ஒரே ஒரு நாள் உள்ள படுத்திருந்தவங்க எண்ணிக்கையால வகுத்துட்டார். அன்னைக்கே டாக்டர்கள் சண்டைக்கு வந்துட்டாங்க. மேல இருக்குற எண்ணு சரி, கீழ இருக்குற எண்ணுதான் ஆளைக் கவுத்துச்சு.

உங்க ஆஸ்பத்திரியில ராத்திரி 12 மணி சென்சஸ், அதாவது உள்ள எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணிக்கை, எடுப்பீங்கல்ல? அதைத் தினமும் கூட்டினாலே நோயாளி நாள் வந்துடும். தனியா வேலை இல்லை.

ரஸ்தா | ஜூன் 4, பகல் 1:15

இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் பக்கத்துலேர்ந்து. கதீட்டருக்குக் கீழ்த்தொகை (வகுக்குற எண்ணு) நோயாளி நாள் இல்லை, கதீட்டர் நாள். தினமும் ஒரே நேரத்துல, காலை 8 மணி ஷிஃப்ட் மாறுற ஹேண்டோவர்னு வச்சுக்குங்க, எத்தனை பேருக்குக் கதீட்டர் இருக்குன்னு எண்ணி எழுதணும். சென்ட்ரல் லைனும் (பெரிய ரத்தக் குழாய்ல போடுற குழாய்) அப்படித்தான். ஒரே ஆளுக்கு ரெண்டு லைன் இருந்தாலும் அன்னைக்கு ஒரு லைன் நாள்தான்.

எதை இன்ஃபெக்‌ஷன்னு எண்ணுறதுன்னு முதல்லயே எழுதி ஒட்டிடுங்க. கதீட்டர் போட்டு ரெண்டு காலண்டர் நாளைத் தாண்டியிருக்கணும். காய்ச்சலோ அடிவயித்து வலியோ மாதிரி அறிகுறி இருக்கணும். கல்ச்சர்ல (யூரின்ல கிருமியை வளர்த்துப் பார்க்குற பரிசோதனை) மில்லிக்கு ஒரு லட்சம் கிருமி அல்லது அதுக்கு மேல, ரெண்டு வகைக் கிருமிக்கு மேல இருக்கக் கூடாது. யூரின் கலங்கலா இருக்கு, வாடை அடிக்குதுங்கிறதெல்லாம் கணக்குல வராது. பையிலேர்ந்து யூரின் பிடிச்சு அனுப்புற கல்ச்சரும் குப்பை. கதீட்டர் குழாய்ல இருக்குற சாம்பிள் போர்ட்டைத் துடைச்சு சிரிஞ்சில எடுக்கணும்.

கல்ச்சரே அனுப்பாத ஆஸ்பத்திரியில இந்த விகிதம் எப்பவும் ஸீரோதான். ரெண்டு ஆஸ்பத்திரியை ஒப்பிடறதுக்கு முன்னாடி யார் எத்தனை கல்ச்சர் அனுப்பினாங்கன்னு கேளுங்க.

ரஸ்தா | ஜூன் 4, பகல் 1:32

ஒண்ணு விட்டுப்போச்சு. சிஸ்டர்கள் நல்லா வேலை பார்த்தா இந்த எண்ணு மோசமாகும், தயாரா இருங்க. 200 கதீட்டர் நாள்ல ஒரு இன்ஃபெக்‌ஷன்னா 1000க்கு 5. "இவருக்கு இன்னும் கதீட்டர் வேணுமா?"ன்னு தினமும் ரவுண்ட்ஸ்ல கேட்டுத் தேவையில்லாததையெல்லாம் எடுத்துட்டீங்க, கதீட்டர் நாள் 100 ஆச்சு. மிச்சம் இருக்குறவங்க எல்லாம் நிஜமாவே மோசமான நிலையில இருக்குறவங்க, அவங்கள்ல ஒருத்தருக்கு வருது. இப்ப 1000க்கு 10. நல்லது செஞ்சதுக்கு மார்க் பாதி. அதனால பக்கத்துலயே இன்னொரு கட்டம் போடுங்க: மொத்த நோயாளி நாள்ல கதீட்டர் நாள் எத்தனை சதவீதம். முதல் மாசம் 720ல 200, 28 சதவீதம். அடுத்து 14. இன்கிரிமென்ட் குடுத்தே ஆகணும்னா அந்த 14க்குக் குடுங்க.

கண்டனூர் | ஜூன் 4, மாலை 6:20

திருப்திப் படிவத்தைப் பத்தி யாரும் பேசலையே. பில்லைக் கையில வச்சுக்கிட்டு, ஊசி போட்ட அதே சிஸ்டர் எதிர்ல நிக்க, "எங்க கவனிப்பு எப்படிங்க ஆச்சி?"ன்னா என்ன பதில் வரும்? "ஒரு குறையும் இல்லை, மகராசியா இரு"ன்னுதான். நம்ம பக்கம் விருந்துக்குப் போன வீட்டுல உப்புக் குறைச்சல்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

நாலஞ்சு நாள் கழிச்சு, வார்டுல வேலை பார்க்காத ஒருத்தர் போன் போட்டுக் கேக்கணும். அதுவும் "நல்லா இருந்துச்சா"ன்னு இல்லை. "ராத்திரி பெல் அடிச்சா ஆள் வர எவ்வளவு நேரமாச்சு?" "வீட்டுக்குப் போறப்ப மாத்திரையை எப்படிச் சாப்பிடணும்னு யார் சொன்னாங்க? இப்ப எப்படிச் சாப்பிடறீங்க, சொல்லுங்க." ரெண்டாவது கேள்விக்கு வர்ற பதிலே ஒரு தரக் கணக்கு.

செக்காலை | ஜூன் 5, காலை 6:10

இறப்பை எடுத்துடுங்கன்னு நேத்தே சொல்லியிருக்கணும். நம்ம பக்கம் ஆள் தேறாதுன்னு டாக்டர் சொன்னா "வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறோம்"னு கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. உயிர் வீட்டு வளவுல போகணும்னு நினைக்கிறவங்க நிறைய. மத்தவங்க சிவகங்கை மெடிக்கல் காலேஜுக்கோ மதுரை ராஜாஜிக்கோ ரெஃபர். ரெண்டு பேரும் உங்க ரிஜிஸ்டர்ல உயிரோட வெளியில போனவங்க. எவ்வளவு சீக்கிரம் ரெஃபர் பண்றீங்களோ அவ்வளவு "தரம்". இறப்பைப் பார்த்தே ஆகணும்னா 30வது நாள் போன் போட்டுக் கேட்டு எண்ணுங்க, கேட்டு வாங்கிட்டுப் போனதையும் ரெஃபரையும் தனித்தனியாப் போடுங்க.

அதைவிட நர்சிங்குக்கு நேராப் பொருந்துறது வேற ஒண்ணு: சிக்கல் வந்தவங்கள்ல எத்தனை பேரைக் காப்பாத்த முடியாமப் போச்சு. சிக்கல் வர்றது நோயோட வேலை. அதை நேரத்துல பார்த்துக் குரல் குடுக்குறது வார்டோட வேலை. 30 படுக்கைக்கு இதுவும் சின்ன எண்ணுதான், அதனால ஒரு படி முன்னாடி போய் அளக்கணும். என்.இ.டபிள்யூ.எஸ் 2 சார்ட் (மூச்சு, நாடி, பிரஷர் மாதிரி அளவுகளுக்கு மார்க் போட்டு ஆபத்தை முன்னாடியே காட்டுறது) போடுறீங்களா? மதிப்பெண் 5 தொட்ட நேரம், டாக்டருக்குச் சொன்ன நேரம், டாக்டர் வந்து பார்த்த நேரம். மூணு நேரத்தையும் எழுதுங்க. 5 தொட்டாலே மணிக்கு ஒரு தடவையாவது திரும்பப் பார்க்கணும், 7ம் அதுக்கு மேலயும்னா விடாமப் பார்க்கணும்.

புதுவயல் | ஜூன் 5, காலை 8:44

அந்த சார்ட்டை நம்புறதுக்கு முன்னாடி மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தை மட்டும் மேலேர்ந்து கீழ வரைக்கும் ஓட்டிப் பாருங்க. 20, 20, 20, 20. மொத்த வார்டும் ஒத்துமையா மூச்சு விடும். என்.இ.டபிள்யூ.எஸ் 2ல 12லேர்ந்து 20 வரைக்கும் ஸீரோ மார்க், 21லேர்ந்து 2, 25 தொட்டா 3. எண்ணாம 20ன்னு எழுதுற ஒரு பழக்கத்தால 26 மூச்சு விடுற நோயாளி மூணு மார்க் கம்மியா, நல்லா இருக்குற மாதிரி உக்காந்திருப்பார்.

செக்காலை | ஜூன் 5, காலை 9:02

ஆமா. முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும், நாடி பிடிச்சிருக்குற மாதிரியே கையை வச்சுக்கிட்டு, எண்ணுறோம்னு நோயாளிக்குத் தெரியாம. தெரிஞ்சா மூச்சை மாத்திடுவாங்க.

மாசத்துக்கு ஒரு நாள் 10 நோயாளிக்கு ரெண்டு பேர் தனித்தனியா எண்ணி சார்ட்டோட ஒப்பிடுங்க. கடைசி இலக்கம் எல்லாமே ஸீரோவா, ரெட்டைப்படையா இருந்தா சந்தேகப்படுங்க.

பள்ளத்தூர் | ஜூன் 6, இரவு 10:15

அப்போ சார்ட்டும் பொய், விளைவும் குழப்பம். எதைத்தான் அளக்கிறது?

செக்காலை | ஜூன் 7, பகல் 3:25

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் ஒண்ணு இன்னொண்ணைக் காட்டிக்குடுக்கும். 1966ல டோனபீடியன்ங்கிற மருத்துவத் தர ஆராய்ச்சியாளர் அமைப்பு, செயல், விளைவுன்னு மூணாப் பிரிச்சதோட பயன் அதுதான். உங்க இடத்துல படுக்கைப் புண்ணை மட்டும் எடுத்து ஒழுங்கா அளந்தாலே போதும், மத்தது பின்னாடி வரும். எப்படின்னு சொல்றேன்.

உள்ள வந்த நாளே, அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள்ள, துணியை விலக்கித் தலையிலேர்ந்து குதிகால் வரைக்கும் தோலைப் பார்க்கணும். பின்மண்டை, காது மடல் (ஆக்சிஜன் குழாய் உரசுற இடம்), தோள்பட்டை, வால் எலும்பு, இடுப்பு எலும்பு, கணுக்கால், குதிகால். இருக்குற புண்ணை அன்னைக்கே எழுதலைன்னா அது உங்க புண்ணு. சிவந்த இடத்தை அழுத்தினா வெளுக்குதான்னு பார்க்கச் சொல்லி பாடத்துல இருக்கும். நம்ம ஆளுங்க கருத்த தோல்ல அது தெரியாது. புறங்கையை வச்சுப் பார்க்கணும். பக்கத்துத் தோலைவிடச் சூடா, இல்லை ஜில்லுனு இருக்கா? கல்லு மாதிரியா, இல்லை சதசதன்னு அமுங்குதா? தொட்டா வலிக்குதா? நிறம் மாறுறதுக்கு முன்னாடியே விரலுக்குத் தெரியும்.

படுக்கைப் புண் வர்ற ஆபத்தை அளக்குற பிரேடன் மதிப்பெண் 23க்குப் போடுறது. 18ம் அதுக்குக் கீழயும் ஆபத்து. மொத்தத்தை மட்டும் எழுதி என்ன பிரயோஜனம்? ஈரத்துல மார்க் குறைஞ்சவருக்கும் சாப்பாட்டுல குறைஞ்சவருக்கும் செய்ய வேண்டியது வேற வேற.

ரெண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டதா சார்ட்ல இருக்கும். 8, 10, 12, 2, எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஷிஃப்ட் முடியிறப்ப ஒரே மூச்சுல போட்டது. சார்ட்டை எண்ணாதீங்க. சொல்லாம 10:40க்கு வார்டுக்குள்ள போங்க. சார்ட்ல "10 மணி, இடது பக்கம்"னு இருக்கு, ஆள் மல்லாக்கப் படுத்திருக்கார்னா அது "பொருந்தலை". 20 கட்டில்ல எத்தனை பொருந்துதுன்னு வாரம் ஒரு தடவை எடுங்க. இந்தச் செயல் எண்ணு வாரா வாரம் கிடைக்கும், புண்ணு எண்ணு மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் அர்த்தத்தோட பேசும்.

மூணு மாசத்துக்கு ஒரு நாள், வேற வார்டு சிஸ்டர் ரெண்டு பேர் வந்து எல்லா நோயாளி தோலையும் ஒரே நாள்ல பார்க்கணும். அவங்க பார்த்ததுக்கும் வார்டு எழுதினதுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கோ அவ்வளவு மறைக்கிறாங்க, இல்லை கண்ணுல படலை.

ரஸ்தா | ஜூன் 7, மாலை 5:50

சேர்த்துக்குங்க: கோடையில ரெக்ஸின் மெத்தையில வேர்த்து, டயப்பர் ஈரத்துல வெந்துபோறது படுக்கைப் புண்ணு இல்லை. தொடை இடுக்குல, மடிப்புல, பரவலாச் செவந்து, ஓரம் தெளிவில்லாம இருக்கும். எலும்பு மேட்டுல, வட்டமா, ஓரம் தெளிவா இருந்தாத்தான் அழுத்தம். சித்திரை, வைகாசியில நம்ம பக்கம் இது ரெண்டும் கலந்து எண்ணிக்கை ஏறும். தனித்தனியா எழுதலைன்னா "மே மாசம் தரம் விழுந்துச்சு"ன்னு நிர்வாகம் விசாரணை வைக்கும், வெயிலுக்கு மெமோ குடுக்க முடியாது.

கண்டனூர் | ஜூன் 7, இரவு 8:15

முதுகுல ஸ்பிரிட் தேய்ச்சு பவுடர் போடுறது இன்னும் நடக்குதா?

செக்காலை | ஜூன் 7, இரவு 8:40

நடக்குது. ஸ்பிரிட் தோலைக் காய வைக்கும், பவுடர் வேர்வையில மாவாகி உரசும். செவந்த இடத்தைத் தேய்ச்சு விடுறது அதைவிட மோசம், உள்ள இருக்குற ரத்தக் குழாய் கிழியலாம். குதிகாலுக்குக் கீழ தண்ணி ஊத்தின கிளவுஸ் வைக்கிறதும் வேணாம், அழுத்தம் அப்படியேதான் இருக்கும். கெண்டைக்காலுக்குக் கீழ நீளவாக்குல தலையணை, குதிகால் காத்துல தொங்கணும், நடுவுல ஒரு தாள் தடையில்லாம போய் வரணும். பக்கவாட்டுல 30 டிகிரி சாய்ச்சாப் போதும், முழுசா ஒருக்களிச்சா இடுப்பு எலும்பு தாங்கும். சாப்பாட்டு நேரம் போக தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல ஏத்தி விட்டுட்டுப் போகாதீங்க, ஆள் கீழ வழுக்குறப்ப தோல் மேலயும் சதை கீழயுமா இழுபடும்.

கண்டனூர் | ஜூன் 9, காலை 11:00

கொஞ்சம் வெளியில போறேன். எங்க வேலை வீட்டு நர்சிங். பிள்ளைங்க சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ, பெரிய வீட்டுல ஐயாவும் ஆச்சியும், கூட ஒரு அட்டெண்டர் பொண்ணு. "நல்லாப் பார்த்துக்கிறாங்களா"ன்னு பிள்ளைங்க கேக்குறாங்க. இங்க சென்சஸும் இல்லை, கல்ச்சரும் இல்லை. எதைக் காட்டுறது?

செக்காலை | ஜூன் 9, பகல் 2:10

எடை. மாசம் ஒரு தடவை, ஒரே மெஷின், ஒரே நேரம். ஒரு மாசத்துல 5 சதவீதம், ஆறு மாசத்துல 10 சதவீதம் குறைஞ்சா ஏதோ தப்பு நடக்குது. 50 கிலோ ஆச்சிக்கு ரெண்டரை கிலோ. சாப்பாடு ஊட்டினதா நோட்டுல எழுதலாம், எடை மெஷின்ல எழுத முடியாது.

புண்ணு இருந்தா போட்டோ மட்டும் அனுப்பச் சொல்லாதீங்க, கிட்டப் பிடிச்சாப் பெருசு, தள்ளிப் பிடிச்சாச் சிறுசு. பக்கத்துல காகித அளவுப்பட்டை வச்சு எடுக்கணும். தலை கால் வாக்குல நீளம், அதுக்குக் குறுக்கே அகலம், சென்டிமீட்டர்ல. வாரம் ஒரு தடவை.

புதுவயல் | ஜூன் 9, பகல் 2:48

வீட்டுல கீழே விழுறதுக்கு விகிதம் போடாதீங்க, ஒரே ஆளு. கடைசியா விழுந்து எத்தனை நாள் ஆச்சுன்னு மட்டும் வச்சுக்குங்க. 30 படுக்கைக்கும் அதுதான் ஒத்துவரும். ஒவ்வொரு ஃபாலுக்கும் நடுவுல இருக்குற நாளைப் புள்ளியா வச்சா மாசக் கணக்குல தெரியாதது தெரியும். இடைவெளி நீண்டுக்கிட்டே போனா வேலை நடக்குது.

விழுந்த இடத்தையும் எழுதுங்க. ஆத்தங்குடிக் கல்லு பழசாகிப் பளபளன்னு ஆனா ஈரக் காலுக்கு எமன், முத்தத்து ஓரத்துல மழைச்சாரல் விழுற இடம் குறிப்பா. நிலைப்படி உசரம், ராத்திரி பாத்ரூமுக்குப் பின்கட்டு வரைக்கும் நடக்கிற தூரம். மூணு தடவை ஒரே இடம் வந்தா அட்டெண்டர் பொண்ணை மாத்தாதீங்க, கட்டிலை மாத்துங்க.

பள்ளத்தூர் | ஜூன் 11, காலை 9:30

நிர்வாகத்துக்கிட்ட பேசினேன். ஆளுக்கு மார்க் இல்லைன்னு ஒத்துக்கிட்டாங்க. "அப்போ ஒரு தாள்ல எல்லாம் வரணும்"னு சொல்றாங்க. ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று குடுக்குற என்.ஏ.பி.எச் வேற கேக்கும்.

ரஸ்தா | ஜூன் 11, பகல் 12:05

என்.ஏ.பி.எச் கேக்குறதும் இதே தான்: படுக்கைப் புண், ஃபால், கதீட்டர், லைன் இன்ஃபெக்‌ஷன், நர்ஸ் நோயாளி விகிதம். அரசு ஆஸ்பத்திரிக்கான தர விதிமுறை என்.க்யூ.ஏ.எஸ்லயும் எட்டுப் பகுதியில கடைசியா விளைவுக்குன்னு ஒண்ணு இருக்கு. தனித்தனி நோட்டு போடாதீங்க, ஒரே தாள் ரெண்டுக்கும் ஆகும்.

செக்காலை | ஜூன் 11, பகல் 1:20

அந்தத் தாள்ல முதல் வரி நர்சிங் மணி நேரமா இருக்கட்டும். காலை 4, மதியம் 3, ராத்திரி 3, மொத்தம் 10 பேர், ஆளுக்கு 8 மணி, 80. 24 நோயாளிக்கு ஆளுக்கு 3.3 மணி. ராத்திரி ஒருத்தர் லீவு போட்டா 3. சராசரியில கொஞ்சம்தான் குறைஞ்ச மாதிரி தெரியும், அந்த ராத்திரிக்கு மட்டும் ஒருத்தருக்கு 8 நோயாளி 12 ஆயிருக்கும். அதனால ஷிஃப்ட் வாரியா எழுதுங்க. டியூட்டி ரூம்ல உக்காந்து பில் போடுற சிஸ்டரை எண்ணாதீங்க.

நர்சிங் ஆராய்ச்சியாளர் லிண்டா எய்க்கன் 2002ல வந்த ஆய்வுல அமெரிக்காவோட பென்சில்வேனியாவுல 168 ஆஸ்பத்திரியைப் பார்த்தாங்க. சர்ஜரி நோயாளிகள்ல, நர்ஸ் ஒருத்தருக்கு ஒரு நோயாளி கூடினா 30 நாளைக்குள்ள இறக்குற வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்துச்சு. அந்த எண்ணை அப்படியே தூக்கி இங்க வைக்க முடியாது, அங்க அட்டெண்டர் (நோயாளி கூட இருக்குற சொந்தக்காரர்) சாப்பாடு ஊட்ட மாட்டார், புரட்டிப் போட மாட்டார். நம்ம வார்டுல பாதி நர்சிங் சொந்தக்காரங்க கையில நடக்குது, அது எந்தக் கணக்குலயும் வராது. ஆனா விளைவு எண்ணுக்குப் பக்கத்துல ஆள் எண்ணு இல்லாத தாளைக் கையெழுத்துப் போட்டு வாங்காதீங்க.

பள்ளத்தூர் | ஜூன் 12, இரவு 7:40

ஒரே ஒரு சந்தேகம். பாத்ரூம் போறப்ப நோயாளிக்கு மயக்கம் வந்து, சிஸ்டர் பிடிச்சு மெதுவாத் தரையில உக்கார வச்சுட்டாங்க. அடி இல்லை. இது ஃபாலா?

செக்காலை | ஜூன் 12, இரவு 8:02

ஃபால்தான். "பிடிச்சு இறக்கினது"ன்னு தனிக் கட்டம் போட்டு அதுல எழுதுங்க, மொத்தத்துலயும் சேருங்க. அட்டெண்டர் பிடிச்சா "பிடிச்சு இறக்கினது" கட்டம் கிடையாது, சாதாரண ஃபால்தான். அடிபட்டதை அன்னைக்கே முடிவு பண்ணாதீங்க, 24 மணி நேரம் கழிச்சு எக்ஸ்ரே எல்லாம் பார்த்துட்டு எழுதுங்க.